தின்கிற ஆடு ஏன் தேறவில்லை

எங்கள் பட்டியில் இருப்பவை இருபது சொச்சம் செம்மறிகள். பாதி கச்சைகட்டிக் கருப்பு, மீதி கீழக்கரிசல். ஊர் வாடிப்பட்டிக்கும் சோழவந்தானுக்கும் நடுவில். ஒரு பக்கம் பெரியாறு கால்வாய்த் தண்ணீர் பாயும் நெல் வயல்கள், மறு பக்கம் சிறுமலை அடிவாரத்து மானாவாரிக் காடுகள். மேய்ப்பது என் அத்தை, அதாவது மாமியார். எடை போடுவது, மருந்து கொடுப்பது, நோட்டில் எழுதுவது என் பொறுப்பு. தை, மாசியில் ஆடுகள் மெலிய ஆரம்பித்ததையும், காரணம் தேடிப் போனதையும், செய்த வைத்தியத்தையும் இங்கே எழுதுகிறேன். கண்மாய்க் கரையில் ஆடு மேய்க்கிற எல்லோருக்கும் இது தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் கண்டுபிடித்தது அத்தைதான். "திங்கிறதுல குறையில்ல தாயி. ஆனா ஒட்டல" என்றார். நோட்டைப் புரட்டிப் பார்த்தால் கார்த்திகையில் 27 கிலோ இருந்த நாலு பல் பெட்டை (நிலைப்பல் நாலு முளைத்த இளம் ஆடு) தை பிறந்தபோது 25, மாசி தொடக்கத்தில் 22 கிலோ சொச்சம். வயிற்றில் குட்டி இல்லாத ஆடு, பாலும் கொடுக்கவில்லை. இன்னும் நிலைப்பல் போடாத குட்டிகள் வளரவேண்டிய வயதில் எடை ஏறாமல் நின்றிருந்தன. சிலது இறங்கியும் இருந்தது.

எடை போடுவது பெரிய வேலை இல்லை. கொட்டகை விட்டத்தில் டிஜிட்டல் தொங்கு தராசு ஒன்றை மாட்டி, நாலு கால் நுழைய ஓட்டை போட்ட சாக்கை அதில் கட்டியிருக்கிறோம். காலையில் மேய்ச்சலுக்குப் போகும் முன்பே போட்டுவிடவேண்டும். மேய்ந்து தண்ணீர் குடித்து வந்த ஆட்டுக்கு வயிறு மட்டுமே இரண்டு மூன்று கிலோ கூடக் காட்டும். தராசு இல்லாதவர்கள் கையால் பார்க்கலாம். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், முதுகுத்தண்டின் மேல் விரலை அழுத்தி ஓட்டினால், தேறிய ஆட்டில் எலும்பு மொழுமொழுவென்று இருக்கும். மெலிந்த ஆட்டில் ஒவ்வொரு முள்ளும் தனித்தனியாகக் குத்தும். ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடுவார்கள். எங்கள் ஆடுகள் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டில் நின்றன. கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்வதை நான் நம்புவதில்லை. மயிர் அடர்த்தியும் உப்பின வயிறும் நன்றாக ஏமாற்றும்.

"புழுமருந்துதான் மார்கழியிலயே கொடுத்தாச்சே" என்று அத்தை கேட்டார். கொடுத்தது உண்மை. ஆல்பெண்டசோல், எடைக்குத் தகுந்த அளவில். அடுத்து பக்கத்தில் எல்லோரும் செய்வது இன்னொரு புட்டி வாங்கி ஊற்றுவது, அல்லது ஐவர்மெக்டின் ஊசி போடுவது. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஆடு மெலிய ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்பதில்லை. தீவனமே பற்றாமல் இருக்கலாம். தீவனம் இருந்தும் பல் இல்லாமல் கடிக்க முடியாமல் போகலாம். தின்பதை உள்ளே இருக்கும் ஏதோ ஒன்று பிடுங்கிக்கொள்ளலாம். குடல் சுவரே கெட்டு, தின்றதை உடம்பு வாங்காமல் இருக்கலாம். இந்த நான்கில் எது என்று தெரியாமல் மருந்து ஊற்றினால் காசும் போகும், புழுக்களும் மருந்துக்குப் பழகிவிடும். அதனால் ஒவ்வொரு ஆடாகப் பிடித்து, தலை முதல் வால் வரை பார்த்து எழுதினோம்.

கீழ் இமையைப் புரட்டிப் பார்ப்பதில் தொடங்கினேன். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டையில் ஐந்து நிறம் உண்டு. ஒன்று நல்ல சிவப்பு, ஐந்து காகித வெளுப்பு. ரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் என்ற உருண்டைப்புழுவைப் பிடிக்க வந்த முறை அது. அந்தப் புழு ஒன்று ஒரு நாளைக்கு 0.05 மில்லி ரத்தம் வரை உறிஞ்சும். ஆயிரம் புழு இருந்தால் தினமும் 50 மில்லி. அதனால் இமை வெளுத்துவிடும். எங்கள் ஆடுகளில் இமை இளஞ்சிவப்பாகத்தான் இருந்தது, இரண்டு அல்லது மூன்று. இவ்வளவு எடை இறங்கியதற்கு ஹீமாங்கஸ் மட்டும் காரணமாக இருந்திருந்தால் இமை இன்னும் வெளுத்திருக்கவேண்டும். எனக்கு முதல் சந்தேகம் இங்கேதான் வந்தது.

இரண்டாவது சந்தேகம் சாயங்காலம் வந்தது. மேய்ந்து திரும்பிய சில ஆடுகளுக்குத் தாடைக்குக் கீழே மெத்தென்று நீர் கோத்திருந்தது. காலையில் பார்த்தால் இல்லை. ரத்தத்தில் புரதம் குறைந்தால் நீர் குழாய்க்குள் நிற்காமல் வெளியே கசியும். நாள் முழுக்கத் தலையைக் குனிந்து மேய்வதால் தாடையில் வந்து தங்கும். ராத்திரி தலையைத் தூக்கிப் படுத்து அசை போட்டால் வடிந்துவிடும். காலையில் மட்டும் பட்டியைப் பார்ப்பவர்கள் கண்ணில் இது படவே படாது. தாடை வீங்கினாலே ஹீமாங்கஸ் என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படி இல்லை. புரதத்தை இழக்கவைக்கிற எந்த நோயிலும் தாடை வீங்கும்.

மூன்றாவது, குட்டிகளின் பின்பக்கம். புழுக்கையாக விழவேண்டியது பச்சைத் தண்ணீராகப் பீய்ச்சியது. நாற்றம் வழக்கமான கழிச்சல் நாற்றம் இல்லை, குமட்டும்படி இருந்தது. காய்ச்சல் பார்த்தேன். 102, 103 ஃபாரன்ஹீட். செம்மறிக்கு அது சரியான சூடுதான். ஆகவே ஆட்டுக்கொல்லி மாதிரி தொற்றுக் காய்ச்சல் இல்லை.

சாணி மாதிரி எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தரையில் கிடப்பதை அள்ளிக்கொண்டு போகக் கூடாது. அது எந்த ஆட்டுடையது என்று தெரியாது, மண்ணில் வாழும் புழுக்களும் அதில் ஏறியிருக்கும். கையில் உறை மாட்டி ஆசனவாயிலிருந்து நேராக எடுத்து, மூடி போட்ட டப்பாவில் அடைத்து, ஆட்டின் அடையாளத்தை எழுதி, ஐஸ் வைத்த பெட்டியில் அன்றே கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். வெயிலில் வைத்தால் சாணியில் இருக்கும் புழு முட்டை பொரிந்து குஞ்சு வெளியே வந்துவிடும். மெலிந்த ஆடு, நன்றாக இருக்கும் ஆடு, கழிகிற குட்டி என்று மூன்று வகையிலும் எடுத்தேன். மதுரையில் கால்நடை பராமரிப்புத் துறையின் நோய் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் கடிதம் கொடுத்து அங்கே அனுப்பினார்.

ஆய்வகத்தில் பக்கத்தில் நின்று பார்க்க விட்டார்கள். முதலில் மிதவை முறை. சாணியைச் செறிவான உப்புக் கரைசலில் கலக்கினால் உருண்டைப்புழு முட்டைகள் லேசாக இருப்பதால் மேலே மிதந்து வரும். எங்கள் ஆடுகளில் அவை மிகக் குறைவு. அதாவது மார்கழியில் கொடுத்த மருந்து தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. இதோடு நிறுத்தியிருந்தால் "புழு இல்லை" என்று ஒரு சீட்டோடு வீடு திரும்பியிருப்பேன். அங்கிருந்த டாக்டர் என்னிடம் கேட்டார்: "ஆடு எங்கம்மா மேயுது?" கண்மாய் உள்வாயில் என்றேன். உடனே படிவு முறையிலும் பார்க்கச் சொன்னார். தட்டைப்புழுவின் முட்டை கனமானது, உப்புக் கரைசலில் மிதக்காது. சாணியைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, சில நிமிடம் அடங்கவிட்டு, மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி தண்ணீர் ஊற்றி, தெளியும் வரை இப்படியே செய்து, கடைசியில் அடியில் தங்கிய வண்டலை நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டால் முட்டை தெளிவாகத் தெரியும். பெரிய ஆடுகளின் வண்டலில் நிறமில்லாத, ஒரு முனையில் மூடி வைத்த பெரிய முட்டைகள் இருந்தன. ஈரல் புழுவாக இருந்தால் முட்டை மஞ்சள் பழுப்பாக இருந்திருக்கும். இவை இரைப்பைத் தட்டைப்புழு, ஆம்பிஸ்டோம்.

பரிசோதனைக்குக் கொடுக்கும்போது "படிவு முறையிலும் பாருங்கள்" என்று கேளுங்கள். எங்கே மேய்கிறது என்பதைக் கேட்காமலே சொல்லுங்கள்.

ஆனால் கழிந்த குட்டிகளின் சாணியில் எந்த முட்டையும் இல்லை. அது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. அதற்குப் பதில் சோகமான வழியில் கிடைத்தது. இரண்டு நாள் கழித்து ஒரு கிடாய்க்குட்டி விடியற்காலையில் செத்துக் கிடந்தது. புதைக்கும் முன் டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் வந்து அறுத்துப் பார்த்தார். செத்த ஆட்டை அறுத்துப் பார்ப்பதை வீட்டில் பலர் விரும்பமாட்டார்கள். ஆனால் பட்டியில் மீதி இருப்பதைக் காப்பாற்ற அதைவிட நல்ல பரிசோதனை கிடையாது. இரைப்பைக்கு அடுத்து வரும் முன்சிறுகுடல் தடித்துச் சிவந்து, ரத்தப் புள்ளிகளோடு இருந்தது. அதன் சுவரில் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெளிர் சிவப்பில் நூற்றுக்கணக்கான பொடிப் புழுக்கள் புதைந்து ஒட்டியிருந்தன. விரலால் தேய்த்தால்தான் வந்தன.

டாக்டர் அங்கேயே விளக்கினார். வளர்ந்த தட்டைப்புழு இரைப்பையில் மாதுளை முத்து மாதிரி ஒட்டியிருக்கும், பெரிய கெடுதல் செய்யாது. கெடுதல் செய்வது அதன் குஞ்சுப் பருவம். புல்லோடு உள்ளே போன குஞ்சுகள் முதலில் சிறுகுடலில் தங்கிச் சுவரைக் கடித்துத் தின்னும். ஆறு வாரம்வரைகூட அங்கே இருந்துவிட்டுத்தான் இரைப்பைக்கு ஏறிப் போகும். முட்டை இடுவது அதற்குப் பிறகு. அதனால் ஆடு நோயில் துடிக்கும் காலத்தில் சாணியில் முட்டையே இருக்காது. சாணியில் ஒன்றுமில்லை என்று குட்டியை விட்டுவிட்டால் அது செத்துப்போகும்.

இரைப்பையில் ஒட்டியிருக்கும் அந்தச் சிவப்பு முத்துக்களைக் கறிக்கடையில் குடல் சுத்தம் செய்பவர்கள் நன்றாக அறிவார்கள். எங்கள் பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டேன். "கண்மாய் ஆட்டுல இருக்கும்க்கா. மலையடிவாரத்து ஆட்டுல பார்க்கவே முடியாது" என்றார். இவ்வளவு காலம் குடலைக் கழுவிக் கழுவி அவர் தெரிந்துவைத்திருந்ததை ஆய்வகம் உறுதி செய்தது என்றே எடுத்துக்கொண்டேன். உங்கள் பகுதியில் எந்தப் புழு அதிகம் என்று தெரியவேண்டுமானால் கறிக்கடைக்காரரிடம் பேசிப் பாருங்கள்.

அப்புறம் அத்தையோடு கண்மாய்க்குப் போனேன். ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழையில் நிரம்பிய தண்ணீர் மாசியில் நடுவுக்கு வற்றியிருந்தது. சுற்றிலும் மற்ற நிலமெல்லாம் காய்ந்து கிடக்க, தண்ணீர் விட்டுப்போன விளிம்பில் மட்டும் இளம்பச்சையில் புல். ஆடு அங்கே ஓடாமல் என்ன செய்யும்? குனிந்து புல்லை விலக்கினால் தட்டையாகச் சுருண்ட பழுப்பு நத்தைகள், கைக்கு ஐந்தாறு வந்தன. இண்டோபிளானார்பிஸ் எக்சஸ்டஸ் என்பது அதன் பெயர். ஆட்டுச் சாணியிலிருந்து தண்ணீரில் விழும் முட்டை பொரிந்து இந்த நத்தைக்குள் புகுந்து, அங்கே பெருகி, வெளியே வந்து புல்லில் கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் வற்றியதும் அந்தப் புல் ஆட்டின் வாய்க்கு எட்டும் உயரத்தில் வந்துவிடும். மழை முடிந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து, தீவனம் குறையாதபோதும் மெலிவது ஏன் என்பது அந்த விளிம்பில் நின்றபோது எனக்குத் தெளிவானது. அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நல்ல புல்லுன்னுதானே ஓட்டிட்டு வந்தேன்" என்றார். அவர் மேய்ப்பில் எந்தக் குறையும் இல்லை. பார்த்தால் யாரும் அங்கேதான் ஓட்டுவார்கள்.

மருந்துக்கு வருகிறேன். ஆல்பெண்டசோலும் ஐவர்மெக்டினும் இந்தப் புழுவை ஒன்றும் செய்யாது. டாக்டர் எழுதித் தந்தது ஆக்ஸிக்ளோசனைடு. உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தடவை. முதல் தடவை குடல் சுவருக்குள் புதைந்து தப்பும் குஞ்சுகளை இரண்டாவது தடவை பிடிப்பதற்காக இந்த இடைவெளி. எங்கள் புட்டியில் ஒரு மில்லியில் 34 மில்லிகிராம் இருந்தது. 20 கிலோ ஆட்டுக்கு 300 மில்லிகிராம் வேண்டும், அதாவது ஏறக்குறைய 9 மில்லி. புட்டிக்குப் புட்டி செறிவு மாறும். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மில்லிக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, லேபிளைப் பார்த்துக் கணக்குப் போடவேண்டும். எடையையும் உத்தேசமாகச் சொல்லக் கூடாது. குறைத்துக் கொடுத்தால் புழு பிழைக்கும், மெலிந்து துவண்ட ஆட்டுக்குக் கூட்டிக் கொடுத்தால் தாங்காது.

புகட்டும்போது ஆட்டின் மூக்கு கண்ணின் மட்டத்துக்கு மேல் போகாமல் பிடிக்கவேண்டும். அண்ணாந்து பிடித்து ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும், அதில் சாகும் ஆடுகள் உண்டு. மூங்கில் குழாயைவிட ஊசி இல்லாத சிரிஞ்ச் நல்லது. கடைவாய் ஓரத்தில் நுழைத்து, நாக்கின் மேல் மெதுவாக விட்டால் ஆடு தானாக விழுங்கும். கொடுத்த மறுநாள் சில ஆடுகளுக்குச் சாணி இளகியது. அது மருந்தின் தன்மை, தானாக நின்றுவிட்டது. புட்டியில் போட்டிருக்கும் காலக்கெடு முடியும்வரை ஆட்டைக் கறிக்கு விற்கக் கூடாது என்பதையும் நோட்டில் எழுதிவைத்தேன்.

புழு செத்தால் மட்டும் ஆடு தேறிவிடாது. கெட்ட குடல் ஆறவேண்டும், இழந்த புரதம் திரும்பவேண்டும். கழிந்த குட்டிகளுக்கு முதல் சில நாள் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை அடிக்கடி கொடுத்தோம். டாக்டர் பி காம்ப்ளக்ஸ் ஊசி போட்டார். பெரியவற்றுக்கு ஊறவைத்த கடலைப்புண்ணாக்கைச் சிறிதளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினோம். பட்டினி வயிற்றில் ஒரேயடியாகப் புண்ணாக்கு வைத்தால் வயிறு கெடும், துள்ளுமாரி நோயும் வரலாம். அகத்தியும் வேலிமசாலும் கட்டித் தொங்கவிட்டோம். சூபாபுல் தழையும் கொடுத்தோம், ஆனால் மொத்தப் பச்சையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல். தாது உப்பு விஷயத்தில் ஒன்று கவனிக்கவேண்டும். மாட்டுக்கு விற்கும் கலவையில் செம்பு அதிகம். செம்மறிக்குச் செம்பு சீக்கிரம் விஷமாகிவிடும். செம்மறி ஆட்டுக்கென்று இருப்பதை மட்டுமே வைக்கிறோம்.

இரண்டாவது தடவை மருந்து கொடுத்து வாரம் ஒன்று ஆவதற்குள் குட்டிகளின் சாணி புழுக்கையாக விழ ஆரம்பித்தது. தாடை வீக்கம் ஒவ்வொன்றாக வடிந்தது. 22 கிலோவுக்கு இறங்கிய பெட்டை பங்குனி முடிவில் 25.

ஆனால் இரண்டு ஆடுகள் மட்டும் தேறவே இல்லை. ஒன்று கிழட்டு ஆடு. வாயைத் திறந்து பார்த்தால் முன்பல் பாதி விழுந்து, மீதியும் ஆடியது. புல்லைக் கடித்து இழுக்கவே முடியாத ஆட்டுக்கு எந்த மருந்து கொடுத்தும் பயனில்லை. தவிடும் ஊறவைத்த புண்ணாக்கும் தனியாக வைத்ததில் இப்போது மெல்லத் தேறுகிறது. இனி அதைச் சினைக்கு விடுவதில்லை.

இன்னொன்று என்னை மிகவும் வருத்திய ஆடு. நாலு பல், நல்ல தாய். பசி குறையவில்லை, இமை சிவப்பு, சாணியில் புழு இல்லை, மருந்தும் கொடுத்தாகிவிட்டது. இருந்தும் வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே போனது. டாக்டர் ஜோனிஸ் நோய் என்று சந்தேகப்பட்டார். காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு கிருமி குடல் சுவரில் குடியேறித் தடிக்கவைத்துவிடும், தின்றது உடம்பில் சேராது. மாட்டுக்கு இந்த நோயில் கழிச்சல் அதிகம் இருக்கும். செம்மறிக்குப் பல சமயம் கழிச்சலே இல்லாமல் மெலிவு மட்டும்தான் தெரியும். சாணியில் சாயமேற்றிப் பார்த்ததிலும் ரத்தப் பரிசோதனையிலும் அதுதான் என்று வந்தது. இதற்கு மருந்து இல்லை. சாணி வழியாக, முக்கியமாகப் பால்குடிக் குட்டிகளுக்குப் பரவும், வெளியே தெரிய வருடங்கள் ஆகும். தனியாகக் கட்டிவைத்துப் பார்த்துக்கொண்டோம். சித்திரையில் செத்தது. ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். சில பேர் திருமங்கலம் சந்தைக்கு ஏற்றிவிடச் சொன்னார்கள். வளர்க்க வாங்கும் இன்னொரு வீட்டுப் பட்டிக்குள் அந்த நோயை அனுப்ப எங்களால் முடியாது. அதன் மறிக்குட்டியையும் பட்டியில் தாயாக வைத்துக்கொள்ளப்போவதில்லை.

மேய்ச்சலை மாற்றியதுதான் கடினமாக இருந்தது. கண்மாய் விளிம்பை விட்டால் அந்த மாதங்களில் பச்சைக்கு வேறு வழி குறைவு. அறுவடை முடிந்த நெல் வயலும் ஈரமாக இருக்கும்வரை அதே ஆபத்துதான், நத்தை அங்கேயும் உண்டு. நத்தையைக் கொல்ல மயில்துத்தம் என்ற செம்பு உப்பைப் போடலாம் என்று ஒருவர் சொன்னார். மீன் குத்தகை விட்ட பொதுக் கண்மாயில் அதைப் போட்டால் மீனும் சாகும், செம்மறிக்கும் செம்பு விஷம். அதை யோசிக்கவே கூடாது. தாள் வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள் வரும்போது அந்த வயல்களில் நத்தை குறைவதைப் பார்த்தோம். அவர்களைக் கண்மாய் விளிம்பிலும் சில நாள் விடச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இப்போதைக்கு அத்தை அடிவாரக் காடுகள் பக்கம் ஓட்டுகிறார். நடை தூரம் அதிகம், ஆனாலும் போகிறார். தண்ணீருக்குக் கண்மாயில் இறக்காமல் பட்டியிலேயே தொட்டியில் வைக்கிறோம். கருவேலங்காயைச் சேர்த்துக் காயவைத்து மூட்டை கட்டியிருக்கிறோம், வரும் தை, மாசிக்கு.

மிச்சம் இருக்கும் பெட்டைகளுக்கும் ஜோனிஸ் ரத்தப் பரிசோதனை எடுக்கவேண்டும், புரட்டாசிக்கு முன் சாணியை மிதவை, படிவு என்ற இரண்டு முறையிலும் பார்க்கவேண்டும். டப்பாக்களும் ஐஸ் பெட்டியும் கழுவித் தயாராக இருக்கின்றன.